பதின்பருவப் பிள்ளைகளுக்கு மருத்துவ அறிவியலும் அதன் அறக் கேள்விகளும்: வகுப்பு நடத்துவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எட்டாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை படிக்கும் பிள்ளைகளுக்கு மருத்துவ அறிவியலையும், அதையொட்டி எழும் சரி, தவறு பற்றிய கேள்விகளையும் அறிமுகப்படுத்த விரும்பும் ஆசிரியர்கள், நூலகர்கள், செவிலியர்கள், ஓய்வு பெற்ற மருத்துவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் வட்டாரத்தில் சனிக்கிழமை வகுப்புகளாக இதை நடத்தியிருக்கிறேன். புதிதாக நடத்த வருபவர்கள் எங்கே இடறுகிறார்கள் என்பதையும் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன்.

பெரும்பாலோர் இடறுவது வரிசையில்தான். முதல் நாளே "கருணைக்கொலை சரியா, தவறா?" என்று கேட்டுவிடுகிறார்கள். பிள்ளைகளும் ஆர்வமாகக் கை தூக்குவார்கள், நன்றாகவே பேசுவார்கள். ஆனால் வென்டிலேட்டர் என்ன வேலை செய்கிறது என்று அந்த அறையில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. ஒவ்வொரு தலைப்பிலும் முதலில் உடலில் என்ன நடக்கிறது என்பது, அடுத்து யார் முடிவெடுக்கிறார்கள் என்பது, கடைசியாகத்தான் சரியா தவறா என்பது. கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த ஒரு வரிசையைக் காப்பாற்றுவதற்காகத்தான்.

1. தொடங்கும் முன் தயார் செய்ய வேண்டியவை

பன்னிரண்டு முதல் இருபது பிள்ளைகள் போதும். அதற்கு மேல் போனால் பேச்சாற்றல் உள்ள நான்கு பேர் மட்டும் பேசுவார்கள், மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். பதின்மூன்று வயதையும் பதினேழு வயதையும் கலந்து உட்கார வைக்கலாம், ஆனால் சில தலைப்புகளுக்கு மூத்தவர்களை மட்டும் தனியாக அழைக்க வேண்டியிருக்கும்.

பெற்றோருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். எந்த வாரம் எந்தத் தலைப்பு என்று தெளிவாகச் சொல்லி, எந்த வாரத்துக்கும் பிள்ளையை அனுப்பாமலிருக்க உரிமை உண்டு, காரணம் சொல்லத் தேவையில்லை என்றும் எழுதுங்கள். வீட்டில் அண்மையில் ஒரு மரணம் நடந்திருக்கலாம், யாராவது தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கலாம். அது உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. இந்தக் கடிதம் இல்லாமல் தொடங்கியவர்கள் மூன்றாம் வாரத்தில் கோபமான தந்தை ஒருவரைச் சந்திக்க நேர்கிறது.

"இது நீட் தேர்வுக்கு உதவுமா?" என்று கட்டாயம் கேட்பார்கள். உதவாது என்று நேராகச் சொல்லிவிடுங்கள். உதவும் என்று சொல்லிச் சேர்த்தால், அடுத்த வாரமே மாதிரி வினாத்தாள் கேட்பார்கள்.

விருந்தினராக ஒரு மருத்துவரை அழைப்பதைவிட அனுபவமுள்ள ஒரு செவிலியரை அழைப்பதையே நான் விரும்புகிறேன். நோயாளியின் கட்டிலருகே அதிக நேரம் நிற்பவர் அவர்தான். எந்தப் படிவத்தில் எப்படிக் கையெழுத்து வாங்கப்படுகிறது என்பதும் அவருக்குத் தெரியும். ஒன்றை மட்டும் முன்கூட்டியே வேண்டிக்கொள்ளுங்கள்: சொந்த அனுபவத்தைச் சொல்லும்போது ஊர், தெரு எதையும் சொல்லக் கூடாது. செட்டிநாட்டில் ஒரு வீட்டின் விலாசத்தைச் சொன்னாலே போதும், ஆள் யாரென்று பாதிப் பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும்.

பொருள்கள் அதிகம் வேண்டாம். விநாடி முள் உள்ள கடிகாரம், ஓர் இரத்த அழுத்தமானி, காலியான மாத்திரை அட்டைகள், ஏதாவது ஒரு மருத்துவமனையின் நிரப்பப்படாத அறுவை சிகிச்சை ஒப்புதல் படிவம், துண்டுச் சீட்டுகள், அவற்றைப் போட ஒரு பெட்டி.

2. முதல் நாள்: நாடியை எண்ணுங்கள்

கரும்பலகையில் இதயத்தின் படம் வரைந்து தொடங்காதீர்கள். பத்தாம் வகுப்புப் பாடத்தில் அது வந்துவிடுகிறது, பார்த்தவுடன் பிள்ளைகள் சோர்ந்துவிடுவார்கள். நேராகக் கையைப் பிடிக்கச் சொல்லுங்கள்.

கட்டைவிரலின் அடிப்பக்கமாக, மணிக்கட்டில் இரண்டு மூன்று விரல்களை மெதுவாக வைக்க வேண்டும். கட்டைவிரலால் தொட்டுப் பார்க்கக் கூடாது. அதற்கே ஒரு துடிப்பு உண்டு, தன் நாடியையே நண்பனின் நாடி என்று எண்ணிவிடுவார்கள். முதலில் 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கச் சொல்லுங்கள். பிறகு அதே நண்பனுக்கு முழு 60 விநாடி. இரண்டு எண்களும் பெரும்பாலும் ஒன்றாக இருக்காது. 15 விநாடியில் ஒரு துடிப்பைத் தவறவிட்டால் விடையில் நான்கு குறையும் என்பதை அவர்களே கண்டுபிடிக்கட்டும். அளவீட்டுப் பிழை என்பது இப்படித்தான் கைக்குப் புரியும்.

அடுத்து, இடம் பழைய வீடாக இருந்தால் வளவை, அதாவது உள்முற்றத்தை, வேகமாக ஐந்து சுற்று நடந்துவிட்டு வரச் சொல்லி மறுபடி எண்ணுங்கள். எல்லா எண்களையும் பலகையில் எழுதினால், ஓய்வில் இருக்கும்போதே 62 முதல் 96 வரை பரவிக் கிடக்கலாம். பெரியவர்களுக்கு ஓய்வில் 60 முதல் 100 வரை இயல்பு என்று அப்போது சொல்லுங்கள். 'இயல்பு' என்பது ஒரே எண் அன்று, ஓர் எல்லைக்குள் பரவிய பல எண்கள். மருத்துவ அறிவியலின் அடித்தளம் இதுதான், பின்னால் வரும் எல்லாமே இதன்மேல்தான் நிற்கிறது.

இங்கே ஒரு பொதுவான தவறைப் பார்க்கிறேன். ஆர்வக் கோளாறில் எடையையும் இரத்த அழுத்தத்தையும் எல்லார் முன்னிலையிலும் அளந்து, சத்தமாகப் படித்துவிடுகிறார்கள். ஒரு பெண் பிள்ளையின் எடையைக் கேட்டு இரண்டு பையன்கள் சிரித்தால், அவள் அடுத்த வாரம் வரமாட்டாள். எடை எடுக்கவே வேண்டாம். நாடி எண்களைப் பெயரில்லாத சீட்டுகளில் எழுதி வாங்குங்கள். வாங்கிய பிறகு, "ஏன் பெயர் எழுதச் சொல்லவில்லை?" என்று கேளுங்கள். நோயாளியின் விவரத்தைக் காப்பது பற்றிய முதல் உரையாடல் அங்கேயே தொடங்கிவிடும். அறம் பாடத்தின் கடைசியில் தனி அத்தியாயமாக வருவதில்லை, முதல் அளவீட்டிலேயே வந்துவிடுகிறது என்பதை அவர்கள் அன்றே பார்த்துவிட வேண்டும்.

3. இரண்டாம் நாள்: மருந்து வேலை செய்தது என்று எப்படித் தெரியும்?

"எங்கள் ஆயா கஷாயம் கொடுத்தார், மூன்றாம் நாள் காய்ச்சல் போய்விட்டது" என்று யாராவது சொல்வார்கள். அதைக் கேலி செய்துவிட்டால் அந்தப் பிள்ளையை இழந்துவிடுவீர்கள். சித்த மருத்துவமா, ஆங்கில மருத்துவமா என்ற சண்டைக்கும் இழுத்துச் செல்லாதீர்கள். ஒரே ஒரு கேள்வி போதும்: "கஷாயம் குடிக்காமல் இருந்திருந்தால் எத்தனையாவது நாளில் போயிருக்கும்?" பாராசிட்டமால் குடித்துக் குணமானவரிடமும் இதே கேள்வியைக் கேளுங்கள். ஒப்பிட ஆள் இல்லாமல் எதையும் சொல்ல முடியாது என்பது அப்போது புரியும்.

இப்போது கப்பல் மருத்துவர் ஜேம்ஸ் லிண்டைச் சொல்லலாம். 1747 இல் கப்பலில், வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோயால் வாடிய 12 மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து, ஆறு வகைச் சிகிச்சைகள் கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவரும் விரைவாகத் தேறினார்கள்.

அடுத்த படி, ஏன் சீட்டுக் குலுக்கிப் பிரிக்க வேண்டும் என்பது. இதைச் சொல்லிப் புரியவைப்பது கடினம், செய்து காட்டுவது எளிது. பிள்ளைகளை விருப்பப்படி இரண்டு அணிகளாகப் பிரியச் சொல்லுங்கள். நண்பர்கள் சேர்ந்துகொள்வார்கள், விளையாட்டு வீரர்கள் ஒரு பக்கம் குவிந்துவிடுவார்கள். இரு அணிகளின் சராசரி நாடியை எடுங்கள். பிறகு சீட்டுக் குலுக்கி மறுபடி பிரித்து எடுங்கள். முதல் முறை வந்த வித்தியாசம் பெரும்பாலும் சுருங்கிவிடும். சிறிய குழுவில் சில நேரம் சுருங்காமலும் போகும். அப்படிப் போனாலும் நல்லதுதான், ஆய்வுக்கு ஏன் நிறையப் பேர் தேவை என்று சொல்ல அதுவே வாய்ப்பு.

தமிழ்நாட்டுக் குழந்தைகள் கட்டாயம் அறிய வேண்டிய ஆய்வு ஒன்று உண்டு. 1956 இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினருக்குச் சானடோரியம் எனப்படும் காசநோய் மருத்துவமனையில் தங்கவைத்தும், மறு பாதியினருக்கு வீட்டிலேயே வைத்தும் ஒரே மருந்துகளைக் கொடுத்தது. வீட்டிலிருந்தவர்கள் ஏழைகள், நெரிசலான வீடுகளில் வாழ்ந்தவர்கள். 1959 இல் முடிவு வெளியானது. வீட்டுச் சிகிச்சை சானடோரியத்துக்குச் சளைத்ததாக இல்லை. வீட்டிலிருந்த மற்றவர்களுக்கு நோய் தொற்றும் வாய்ப்பும் அதனால் கூடவில்லை. உலகம் முழுவதும் காசநோய்ச் சிகிச்சையின் போக்கையே இந்த முடிவு மாற்றியது.

முடிவைச் சொல்லும் முன் நிறுத்துங்கள். இதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். "இந்த ஆய்வைத் தொடங்க நீங்கள் அனுமதிப்பீர்களா? நோயாளியின் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது" என்று கேளுங்கள். பாதிப் பேர் கூடாது என்பார்கள். பிறகு சேர்த்துச் சொல்லுங்கள்: எல்லோருக்கும் இடம் கொடுக்கும் அளவுக்குச் சானடோரியப் படுக்கைகள் இல்லை, அதாவது ஆய்வு இல்லாவிட்டாலும் பெரும்பாலானோர் வீட்டில்தான் இருந்திருப்பார்கள். உடனிருப்பவர்களையும் ஆய்வாளர்கள் தொடர்ந்து பரிசோதித்தார்கள். எது மேல் என்று மருத்துவர்களுக்கே உண்மையாகத் தெரியாத நிலையில் மட்டுமே குலுக்கல் நியாயமாகும் என்ற இடத்துக்கு அவர்கள் தாங்களாகவே வந்து சேர்வார்கள். முடிவு தெரிந்த பிறகு கேட்டால் எல்லோரும் "சரிதான்" என்றே சொல்வார்கள், யோசிக்க இடமே இருக்காது.

நேரம் மிஞ்சினால் மாத்திரை அட்டைகளைக் கையில் கொடுங்கள். காலாவதித் தேதி எங்கே, மருந்தின் மூலப்பெயர் எது, சிவப்புக் கோடு இருந்தால் மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாது என்பது வரை அவர்களே படித்துச் சொல்லட்டும்.

4. மூன்றாம் நாள்: ஒப்புதல் படிவத்தைத் திருத்தி எழுதுங்கள்

மருத்துவமனையிலிருந்து வாங்கிய வெற்றுப் படிவத்தை முதலில் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். பல படிவங்கள் ஆங்கிலத்தில் இருக்கும். தமிழில் இருந்தாலும் நீதிமன்ற ஆவணம் போல இருக்கும். "இதில் கையெழுத்துப் போட்டவருக்கு என்ன புரிந்திருக்கும்?" என்று கேளுங்கள்.

அதன் பிறகு வரலாறு. பெரும்பாலோர் நாஜி மருத்துவர்களிடமிருந்து தொடங்குகிறார்கள், ஏனென்றால் ஒப்புதல் இல்லாமல் யாரையும் ஆய்வில் சேர்க்கக் கூடாது என்ற 1947 இன் நியூரம்பெர்க் விதிகள் அங்கிருந்துதான் வந்தன. நான் அப்படித் தொடங்குவதில்லை. கொடியவர்கள் கொடுமை செய்தார்கள், நாம் அப்படி இல்லை என்று பிள்ளைகள் மனத்தை மூடிக்கொள்வார்கள். அமெரிக்காவின் டஸ்கீகி ஆய்வு இன்னும் கடினமான பாடம். 1932 இல் தொடங்கிய அந்த ஆய்வில், கறுப்பின ஆண்கள் நூற்றுக்கணக்கானோருக்குச் சிஃபிலிஸ் என்ற பால்வினை நோய் இருப்பதைச் சொல்லாமலேயே நோய் எப்படி வளர்கிறது என்று கவனித்தார்கள். 1940களில் அதைக் குணப்படுத்தும் பெனிசிலின் கிடைக்கத் தொடங்கிய பிறகும் அவர்களுக்கு அது கொடுக்கப்படவில்லை. 1972 இல் செய்தித்தாளில் வெளியான பிறகே நிறுத்தப்பட்டது. நடத்தியது அரசின் பொதுச் சுகாதாரத் துறை. அதில் வேலை செய்தவர்கள் அன்றாடம் அலுவலகம் சென்று வந்த சாதாரண மனிதர்கள். பங்கேற்றவர்களுக்கு இலவச உணவும், இறந்தால் அடக்கச் செலவும் கிடைத்தன. "சாப்பாடு கொடுப்பது தவறா?" என்று கேளுங்கள். வறுமையில் இருப்பவரிடம் கேட்கும் ஒப்புதல் எவ்வளவு சுதந்திரமானது என்ற விவாதம் அங்கிருந்து தானாகவே விரியும்.

இந்தியாவிலிருந்தும் ஒரு நிகழ்வு வேண்டும். 2009 இல் அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும், 10 முதல் 14 வயதுப் பெண் குழந்தைகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போடும் திட்டம் நடந்தது. பல இடங்களில் பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்களும் தலைமை ஆசிரியர்களும் கையெழுத்துப் போட்டது தெரியவந்தது. 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. இதைச் சொல்லும்போது மிகுந்த கவனம் தேவை. கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுப்பதில் அந்தத் தடுப்பூசி நல்ல பலன் தருவது. தவறு நடந்தது ஒப்புதல் பெற்ற முறையில். இரண்டையும் பிரித்துச் சொல்லாவிட்டால் பிள்ளைகள் வீட்டுக்குப் போய், "தடுப்பூசி ஆபத்தாம்" என்று சொல்வார்கள். அந்தச் செய்தி ஊர் முழுக்கப் பரவிய பிறகு நீங்கள் என்ன விளக்கினாலும் எடுபடாது.

இப்போது பயிற்சி. குடலிறக்க அறுவை சிகிச்சைக்கான ஒப்புதலை, தங்கள் வீட்டுப் பாட்டிக்குப் புரியும் தமிழில் ஒரு பக்கத்தில் எழுத வேண்டும். ஐந்து விஷயங்கள் இருக்க வேண்டும்: என்ன செய்யப் போகிறார்கள், ஏன், என்ன ஆபத்து, வேறு வழி என்ன, வேண்டாம் என்று சொன்னால் என்ன ஆகும். எழுதியதை வீட்டுக்கு எடுத்துச் சென்று படித்துக் காட்டி, "உங்களுக்கு என்ன புரிந்தது, திருப்பிச் சொல்லுங்கள்" என்று கேட்டு வர வேண்டும். நல்ல மருத்துவர்களும் இதே உத்தியைத்தான் கையாளுகிறார்கள். ஒரு மாணவி "மயக்க மருந்தினால் அரிதாகச் சிக்கல்கள் ஏற்படலாம்" என்று எழுதிப் படித்தபோது, அவளுடைய அப்பத்தா கேட்டது: "அரிதுன்னா பத்துல ஒண்ணா, ஆயிரத்துல ஒண்ணா?" வகுப்பில் யாருக்கும் தோன்றாத கேள்வி அது. அன்றைக்கு மீதி நேரம் முழுவதும் ஆபத்தை எண்ணால் எப்படிச் சொல்வது என்பதைப் பற்றியே பேசினோம்.

பிள்ளைகள் தங்களைப் பற்றியும் கேட்பார்கள்: "எங்களிடம் யாராவது கேட்பார்களா?" இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி, ஆய்வில் சேர்க்கும்போது பெற்றோரின் ஒப்புதலோடு, ஏழு வயதைக் கடந்த குழந்தையின் இசைவையும் கேட்க வேண்டும் என்று சொல்லுங்கள். முதுகை நிமிர்த்தி உட்காருவார்கள்.

5. விவாதம் தொடங்கும் முன்: பட்டிமன்றத்தைத் தள்ளி வையுங்கள்

கம்பன் விழா மேடைகளைப் பார்த்து வளரும் ஊர் இது. எந்தக் கேள்வியைக் கொடுத்தாலும் பிள்ளைகள் உடனே இரண்டு அணியாகி, ஒரு நடுவரைத் தேடுவார்கள். பட்டிமன்றத்தின் மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் இந்த வேலைக்கு அது பொருந்தாது. அங்கே கொடுத்த அணிக்காக வாதாடி வெல்ல வேண்டும். இங்கே எதிரே இருப்பவரின் நிலையிலிருந்து பார்த்துத் தன் கருத்தை மாற்றிக்கொள்ளவும் இடம் வேண்டும்.

அதற்குப் பதிலாக நான்கு நாற்காலிகள் போடுங்கள். ஒன்று நோயாளி, ஒன்று குடும்பம், ஒன்று மருத்துவரும் செவிலியரும், நான்காவது அந்த அறையிலேயே இல்லாத ஒருவர்: அதே படுக்கைக்கோ உறுப்புக்கோ காத்திருக்கும் இன்னொரு நோயாளி. ஒரே பிள்ளை நான்கிலும் உட்கார்ந்து இரண்டிரண்டு நிமிடம் பேச வேண்டும். நான்காவது நாற்காலியை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் எல்லா விவாதமும் கண்ணீரில் முடியும். பொதுச் சுகாதாரம், நியாயமான பங்கீடு போன்ற கேள்விகள் அங்கிருந்துதான் எழுகின்றன.

விவாதத்துக்கு முன்னும் பின்னும் பெயரில்லாச் சீட்டில் கருத்தை எழுதி வாங்குங்கள். எந்தப் பக்கம் எத்தனை பேர் என்று அறிவிக்க வேண்டாம். "எத்தனை பேர் மாறினார்கள், எந்தத் தகவல் மாற்றியது?" என்று மட்டும் கேளுங்கள். தீர்ப்புச் சொல்லச் சொல்லி உங்களை வற்புறுத்துவார்கள். சொல்லாதீர்கள். நடத்துபவரின் கருத்து தெரிந்துவிட்டால், அடுத்த வாரம் முதல் அதை ஊகித்துப் பேசுவார்கள். சட்டம் என்ன சொல்கிறது என்பதை மட்டும் தயங்காமல் சொல்லுங்கள். அது உங்கள் கருத்து அன்று, தகவல்.

6. நான்காம் நாள்: மூளைச்சாவும் உறுப்பு தானமும்

முதல் அரை மணி நேரம் முழுக்க அறிவியல். மூளைச்சாவு அடைந்தவரின் இதயம் ஏன் துடிக்கிறது என்பதில்தான் எல்லாக் குழப்பமும். இதயத்துக்குத் தன்னைத் துடிக்க வைத்துக்கொள்ளும் மின்தூண்டல் அதற்குள்ளேயே இருக்கிறது. வென்டிலேட்டர் வழியே ஆக்சிஜன் கிடைக்கும் வரை சில காலம் அது துடிக்கும். ஆனால் மூச்சை இயக்கும் மூளைத்தண்டு செயலிழந்துவிட்டதால் தானாக மூச்சு வராது, இனி வரவும் செய்யாது. கோமாவில் மூளைத்தண்டு இயங்கும், சிலர் மீண்டு வருவார்கள். இந்த வேறுபாட்டைப் பிள்ளைகள் தங்கள் சொற்களில் திருப்பிச் சொல்லும் வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

பிறகு நடைமுறை. 1994 ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டப்படி, நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு சான்றளிக்க வேண்டும். கண்மணி வெளிச்சத்துக்குச் சுருங்குகிறதா, விழியைத் தொட்டால் இமை மூடுகிறதா, வென்டிலேட்டரை விலக்கினால் மூச்சு எழுகிறதா என்ற சோதனைகள், குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை. உறுப்பு மாற்று அறுவை செய்யும் குழுவினர் இந்தச் சான்றளிப்பில் இருக்கக் கூடாது. "ஏன் கூடாது?" என்பதைப் பிள்ளைகளிடமே விடுங்கள்.

2008 இல் சாலை விபத்தில் மூளைச்சாவு அடைந்த 15 வயது ஹிதேந்திரனின் உறுப்புகளை, மருத்துவர்களான அவனுடைய பெற்றோர் தானம் செய்தது தமிழ்நாட்டில் பெரும் விழிப்புணர்வை உண்டாக்கியது. 2023 செப்டம்பரில், உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடக்கும் என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. அரசு மரியாதை குடும்பத்தின் முடிவைப் பாதிக்குமா, பாதித்தால் அது தவறா என்பது மூத்த பிள்ளைகளுக்கு நல்ல கேள்வி.

இங்கே வரும் தவறு, வகுப்பைப் பிரச்சாரமாக மாற்றிவிடுவது. கடைசியில் உறுதிமொழிப் படிவம் நீட்டுவார்கள். 18 வயது நிறையாதவர் உறுதிமொழி கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை. அதைவிட முக்கியம், மறுக்கும் குடும்பத்தின் நாற்காலியில் உட்கார்ந்த பிள்ளை மனத்தில் குற்றவாளியாக வீடு திரும்பக் கூடாது. கண் தானம் பற்றிக் கேட்டால் அது வேறு என்று விளக்குங்கள். வீட்டில் இயல்பாக இறந்தவரிடமிருந்தும் சில மணி நேரத்துக்குள் கருவிழியை எடுக்க முடியும்.

7. ஐந்தாம் நாள்: ஒரு சிறுநீரகம், ஐந்து பேர்

எல்லா வகுப்புகளிலும் நான் மிகவும் விரும்பும் பயிற்சி இது. இதிலும் வரிசை பிசகினால் எல்லாம் கெடும்.

முதலில் நோயாளிகளைப் பற்றி எதுவும் சொல்லாமல் விதியை எழுதச் சொல்லுங்கள். யாருக்கு முதலில்? காத்திருக்கும் காலமா, நோயின் தீவிரமா, வயதா, இரத்த வகைப் பொருத்தமா? குழுவாக விவாதித்து, நான்கைந்து விதிகளை எழுதி எல்லோரும் கையெழுத்திட வேண்டும். அதன் பிறகே ஐந்து சீட்டுகளைத் திறங்கள்: இரண்டு குழந்தைகளின் தாய், பிளஸ் டூ மாணவன், 60 வயதுத் தேர் ஸ்தபதி, குடிப்பழக்கத்தை விட்ட லாரி ஓட்டுநர், ஊருக்குப் பெரும் நன்கொடை கொடுத்த தொழிலதிபர்.

உடனே விதியை மாற்றத் துடிப்பார்கள். நன்கொடையாளரை மேலே ஏற்ற ஒருவர், ஓட்டுநரைக் கீழே இறக்க இன்னொருவர். அப்போது அவர்கள் கையெழுத்திட்ட தாளைக் காட்டுங்கள். முகம் தெரிவதற்கு முன் எழுதிய விதிக்கும், முகம் தெரிந்த பிறகு எழும் ஆசைக்கும் உள்ள இடைவெளியைச் சிறிது நேரம் அவர்களே பார்த்துக்கொண்டிருக்கட்டும். மாநிலத்தில் டிரான்ஸ்டான் என்ற அமைப்பு காத்திருப்போர் பட்டியல் வைத்து உறுப்புகளை ஒதுக்குவது ஏன் என்று பிறகு விளக்கத் தேவையே இருக்காது. உறுப்பை விற்பதும் வாங்குவதும் குற்றம் என்பதை மட்டும் சேர்த்துச் சொல்லுங்கள்.

8. ஆறாம் நாள்: வாழ்வின் கடைசி நாட்கள்

இது செட்டிநாட்டுக்கு மிக நெருக்கமான தலைப்பு. பெரிய வீடு, அதில் வயதான ஆச்சி ஒருவர், துணைக்கு ஒரு பெண், பிள்ளைகள் சிங்கப்பூரிலும் சென்னையிலும். வகுப்புக்கு நான் எழுதிக் கொடுக்கும் கதை இதுதான்: 82 வயது ஆச்சிக்குப் பக்கவாதம், வென்டிலேட்டரில் பத்து நாள். தேறும் வாய்ப்பு மிகக் குறைவு என்கிறார் மருத்துவர். "எவ்வளவு செலவானாலும் பார்த்துக்கொள்ளலாம்" என்று தொலைபேசியில் சொல்கிறார் மகன். "எனக்குக் குழாயெல்லாம் வேண்டாம் என்று அம்மா என்னிடம் சொன்னாள்" என்கிறார் மகள். எழுத்தில் எதுவும் இல்லை.

"என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்காதீர்கள். "யார் முடிவெடுக்க வேண்டும்?" என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு மகன் கல்நெஞ்சர், அல்லது மகள் கல்நெஞ்சர் என்று ஒரே நொடியில் தீர்ப்பு வரும். இரண்டாவது கேள்வி அவர்களை ஆச்சியிடம் திருப்பிக் கொண்டுவரும்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லுங்கள். பல ஆண்டுகள் நினைவின்றிக் கிடந்த மும்பைச் செவிலியர் அருணா ஷான்பாக் வழக்கில், 2011 இல் உச்ச நீதிமன்றம் கட்டுப்பாடுகளுடன் உயிர்காக்கும் சிகிச்சையை விலக்கிக்கொள்வதற்கு வழி வகுத்தது. 2018 மார்ச் 9 அன்று, கண்ணியத்துடன் இறப்பதும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று தீர்ப்பளித்து, முன்கூட்டியே எழுதிவைக்கும் விருப்ப ஆவணத்தை ஏற்றது. 2023 ஜனவரியில் அதன் நடைமுறையை எளிதாக்கியது. 18 வயது நிறைந்தவர், இரண்டு சாட்சிகள் முன்னிலையில், நோட்டரி அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அலுவலரின் சான்றுடன் எழுதலாம். ஊசி போட்டு உயிரைப் போக்குவதற்கு இந்தியாவில் அனுமதி இல்லை.

விருதுநகர்ப் பக்கத்து உறவினர் உள்ள பிள்ளை யாராவது 'தலைக்கூத்தல்' பற்றிக் கேட்கலாம். தவிர்க்காதீர்கள். முதியவரின் விருப்பம் கேட்காமல் மற்றவர்கள் அவர் உயிரைப் போக்குவது அது, சட்டப்படி கொலை. பலனற்ற சிகிச்சையை நிறுத்துவதோடு அதைச் சேர்த்துவைக்கக் கூடாது. சிகிச்சையை நிறுத்துவது கவனிப்பை நிறுத்துவது ஆகாது என்பதைச் சொல்ல, வலி தணிப்புச் சிகிச்சையில் வேலை செய்யும் செவிலியர் ஒருவர் அன்று இருந்தால் மிக நல்லது.

9. மூத்த பிள்ளைகளுக்கு மட்டும்

கருவின் பாலினம் அறிவதைத் தடை செய்யும் 1994 ஆம் ஆண்டுச் சட்டம், கருக்கலைப்பு பற்றிய 1971 ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2021 திருத்தமும், மரபணுத் திருத்தம் ஆகிய தலைப்புகளைப் பதினாறு வயதுக்கு மேற்பட்டவர்களுடன், பெற்றோரிடம் தனியாகச் சொல்லிவிட்டு நடத்தலாம். மரபணுத் திருத்தத்துக்கு இரண்டு நிகழ்வுகளை அடுத்தடுத்து வையுங்கள். 2018 இல் சீனாவில் ஹே ஜியான்குயி, கருவிலேயே மரபணுவைத் திருத்திய குழந்தைகள் பிறந்ததாக அறிவித்துச் சிறைக்குப் போனார். 2023 இல் அரிவாள் செல் சோகை என்ற மரபுவழி இரத்த நோய்க்கு அதே தொழில்நுட்பத்தில் உருவான சிகிச்சைக்குப் பிரிட்டன் ஒப்புதல் அளித்தது. ஒன்றில் மாற்றம் அடுத்த தலைமுறைக்கும் போகும், மற்றதில் நோயாளியோடு நின்றுவிடும். இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் போதும், மீதியை அவர்களே பேசிக்கொள்வார்கள்.

10. வீட்டுக் கதை வகுப்புக்குள் வரும்போது

வரும். மூன்றாம் நாளிலிருந்தே வரத் தொடங்கும். "எங்கள் தாத்தாவை வென்டிலேட்டரிலிருந்து எடுத்தது அப்பாதான்" என்று ஒரு பையன் சொன்னால், அதை உதாரணமாக எடுத்து விவாதிக்க விடாதீர்கள். நன்றி சொல்லி, இடைவேளை விட்டு, தனியாகப் பேசுங்கள். அவன் தந்தை செய்தது சரியா என்று பதினைந்து பேர் தீர்ப்புச் சொல்வதை அவன் கேட்க நேரக் கூடாது. இதனால்தான் எழுதிவைத்த கதைகளை மட்டும் பயன்படுத்தச் சொல்கிறேன்.

தன் உடல் பற்றியோ, மனச்சோர்வு பற்றியோ, யாராவது துன்புறுத்துவது பற்றியோ ஒரு பிள்ளை சொன்னால், "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். உங்களால் காப்பாற்ற முடியாத வாக்கு அது. "உன் பாதுகாப்புக்குத் தேவையான ஒருவரிடம் மட்டும் சொல்வேன், உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் சொல்வேன்" என்று சொல்லுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098, மனநல ஆலோசனைக்கான டெலிமானஸ் எண் 14416. இரண்டையும் முதல் நாளிலிருந்தே சுவரில் ஒட்டிவைத்தால், கேட்கத் தயங்கும் பிள்ளையும் குறித்துக்கொள்ள முடியும்.

"இந்த மாத்திரையை எத்தனை வேளை போடலாம்?" என்பது போன்ற சீட்டுகளும் பெட்டியில் விழும். எவ்வளவு எளிய கேள்வியாக இருந்தாலும், வகுப்பில் மருத்துவரே உட்கார்ந்திருந்தாலும், அங்கே பதில் சொல்லக் கூடாது. நோயாளியைப் பார்க்காமல் மருந்து சொல்வது ஏன் தவறு என்று இத்தனை வாரம் பேசிவிட்டு அதையே செய்ய முடியாது. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தின் புறநோயாளி நேரத்தைப் பலகையில் எழுதி, யாராவது பெரியவர் ஒருவரோடு போகச் சொல்லுங்கள்.